திருப்பிப் போடாத பணியாரம்

அம்மா முதல் முறை பாங்காக் வந்தபோது பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தது இரும்புப் பணியாரக் கல். ஏழு குழி, அப்பத்தா காலத்துச் சாமான். பழைய சுங்குடிப் புடவையில் நாலு சுற்றுச் சுற்றி, கைக்குழந்தையைப் போலக் கொண்டு வந்திருந்தாள்.

"இருபது கிலோவுல இதுவே மூணு கிலோ போயிருக்குமேம்மா?"

"போகட்டும். ஊறுகாயைக் குறைச்சுக்கிட்டேன்."

ஊறுகாயைக் குறைத்துக்கொண்டு இரும்பைச் சுமந்து வந்தவளிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? வாங்கி அடுப்படியில் வைத்தேன். எங்கள் காண்டோ அடுக்குமாடி வீட்டில் இருப்பதோ கண்ணாடி மாதிரி வழவழவென்ற மின்னடுப்பு. கல்லை அதன்மேல் வைத்ததும் பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "இதெல்லாம் ஒரு அடுப்பா?" என்றாள் அம்மா. கல் மறுபடி புடவைக்குள் போய்விட்டது. விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். தாய்லாந்துக்காரர்கள் அதை 'வாட் கேக்' என்பார்கள். தின்கிற கேக் இல்லை. அவர்கள் பாஷையில் 'கேக்' என்றால் விருந்தாளி, நம்மூர்க்காரர்களுக்கும் அதே பெயர்தான். தமிழர் கட்டிய கோயிலில் நம்மைவிடத் தாய்லாந்துக்காரர்கள் அதிகமாக நின்று சாமந்தி மாலை சாத்திக் கும்பிடுவதைப் பார்த்து அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு திரும்பி வரும்போது எங்கள் சந்து முனையில் சட்டென்று நின்றாள்.

"டேய், பணியாரம்!"

நான் மூன்று வருஷமாக அந்த வண்டியைத் தாண்டி அலுவலகம் போகிறேன். ஒரு நாளும் எனக்கு அது பணியாரமாகத் தெரிந்ததில்லை. கனோம் க்ரோக் என்று பெயர். கனோம் என்றால் பலகாரம், க்ரோக் என்றால் உரல். உரல் குழி மாதிரியான குழிகளில் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் ஊற்றிச் சுடுவது. அங்கே இருந்தவை இரண்டு பெரிய வட்டக் கல். ஒவ்வொன்றிலும் முப்பது குழியாவது இருக்கும். ஒரு அம்மாள் தேநீர்க் கெட்டிலில் மாவை நிரப்பி, மூக்கு வழியே குழி குழியாக ஊற்றிக்கொண்டு போனாள். கல்லின் கடைசிக் குழிக்குப் போவதற்குள் முதல் குழியின் ஓரம் வெந்திருந்தது. அடுத்து இன்னொரு கெட்டில். அதில் கெட்டியான தேங்காய்ப் பால். மேலே கொஞ்சம் சோளமுத்து, கொஞ்சம் வெங்காயத்தாள். மூடி போட்டாள்.

"வெங்காயமா? இனிப்புலயா?" என்று அம்மா என் கையைக் கிள்ளினாள். அன்றைக்குக் கிருத்திகை வேறு.

எனக்குத் தெரிந்த தாய்லாந்து மொழியில் உருப்படியான சொல் ஒன்று உண்டு. 'ஜே.' சுத்த சைவம் என்று அர்த்தம். நம்ம சைவத்தைவிட அது கண்டிப்பு. பால், முட்டை கிடையாது. பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. "பா, ஜே" என்றேன். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுச் சோளம் போட்டவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தாள்.

"பெரிய மனுஷியைப் போய் வாப்பா போப்பான்னு கூப்பிடுறே?"

"பா-ன்னா பெரியம்மாம்மா."

"அப்ப அப்பாவை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"போ."

அதற்கப்புறம் அம்மா தாய்லாந்து மொழி கற்றுக்கொள்ளும் எண்ணத்தைக் கைவிட்டாள்.

ஒரு பெட்டி 30 பாட் (தாய்லாந்துக் காசு). தகட்டுக் கரண்டியால் ஓரத்தை நெம்பி, ஒன்றை எடுத்து இன்னொன்றின்மேல் கவிழ்த்து, ஜோடி ஜோடியாக அடுக்கித் தருவார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே தளதளவென்று இனிப்பும் உப்புமாகத் தேங்காய்ப் பால். இதெல்லாம் மூன்றாவதைத் தின்னும்போது தெரிவது. முதலாவதில் சூடு மட்டும்தான் தெரியும். உள்ளே இருக்கும் பால் ஆறவே ஆறாது. எச்சரிப்பதற்குள் அம்மா முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், நடு ரோட்டில் வாயைத் திறந்து விசிறிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்:

"பால் பணியாரத்தை... ஹா... பாலுக்குள்ள போடாம... ஹா... பாலைப் பணியாரத்துக்குள்ள வச்சிட்டா. நாளைக்கு நானே சுடுறேன்."

அன்று மாலையே கடை கடையாக அலைந்தேன். கேஸ் குப்பியைப் பக்கவாட்டில் செருகுகிற சின்ன அடுப்பு இங்கே சுலபமாகக் கிடைக்கும். அதை வாங்கினேன். தேங்காய்ப் பாலுக்குச் சந்தையில் தனிக் கடை இருக்கிறது. கண்ணெதிரே துருவி இயந்திரத்தில் பிழிந்து தருவார்கள். முதல் பாலுக்கு 'ஹுவா கதி', இரண்டாம் பாலுக்கு 'ஹாங் கதி'. தலைப்பால், வால்பால் என்று சொல்லலாம். போனில் நான் இதைச் சொல்ல, அம்மாவுக்கு அது 'கத்தி' என்று கேட்டிருக்கிறது. "கத்தியெல்லாம் வேணாம், பாலை மட்டும் வாங்கிட்டு வா."

அரிசி மாவு வாங்கியதில்தான் விழுந்தேன். "சைவமான்னு பாத்து வாங்கு" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அரிசி மாவில் என்ன அசைவம் வரும் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு பாக்கெட். ஒன்றில் சிவப்பு எழுத்து, ஒன்றில் பச்சை. எழுத்தோ ஜாங்கிரி ஜாங்கிரியாக இருக்கிறது. பச்சைப் புள்ளி என்றால் சைவம் என்று ஊரில் வருஷக்கணக்காகப் பழகிய மூளை பச்சையை எடுத்துவிட்டது. சிவப்பு சாதா அரிசி மாவு. பச்சை, ஒட்டரிசி மாவு.

முதல் ஈடு கல்லில் ஊற்றியதும் வெந்தது, உப்பியது, எல்லாம் சரி. எடுக்கப் போனால் வரவில்லை. பணியாரக் குச்சியை விட்டு அம்மா நெம்ப, பணியாரம் குச்சியோடு ஒரு முழம் நீண்டு வந்து, விட்டதும் 'சப்'பென்று குழிக்கே திரும்பிப் போனது. என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "அத்தை, இதை வச்சு செருப்பு ஒட்டலாம் போலயே?" ஒன்றும் பதில் இல்லை. கல்லை ஊறவைத்துச் சுரண்டி முடிக்கும்போது ராத்திரி பதினொரு மணி. அப்பத்தாவே கனவில் வந்து அடிப்பாள் என்று பயந்துகொண்டு படுத்தேன்.

இரண்டாம் நாள் சிவப்பு பாக்கெட். மாவைத் தண்ணியாக, இரண்டாம் பாலில் கரைத்து உப்பு போட்டாயிற்று. முதல் பாலில் சர்க்கரையும் உப்பும். கேஸ் அடுப்பு புஸ்ஸென்று எரிந்தது. அம்மா மாவை ஊற்றினாள், மேலே பாலை ஊற்றினாள், மூடினாள், திறந்தாள். ஓரமெல்லாம் பொன்னிறம். நடுவில் பால் தளதளவென்று ஆடுகிறது. கடையில் பார்த்தது அப்படியே. நான் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போன அந்த இரண்டு விநாடிக்குள் அம்மாவின் கை குச்சியை எடுத்துவிட்டது.

"அம்மா, திருப்பாதே!"

திருப்பிவிட்டாள். ஐம்பது வருஷத்துக் கை. மூளையைக் கேட்டா செய்யும்? ஒரு சுண்டு, குழிக்குள்ளேயே குட்டிக்கரணம். பணியாரம் திரும்பியது. உள்ளே இருந்த பால் திரும்பாமல் வெளியே ஓடியது. ஒரு பாதி கல்லில் தீய்ந்தது, இன்னொரு பாதி அடுப்புக்குள் இறங்கி நெருப்பை அணைத்தது. நியாயமாக அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். "ஒண்ணுதானே" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதையும் திருப்பினாள். மூன்றாவதில் நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மேல் பக்கம் வேகலைடா. வேகாததை எப்படி மனுஷன் திம்பான்?"

"அது வேகக் கூடாதும்மா. அதான் அந்தப் பலகாரமே."

"வேகக் கூடாதுன்னா எதுக்கு அடுப்புல வைக்கணும்?"

இதற்குப் பதில் என்னிடம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு அம்மா சந்து முனையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தமிழில் கேட்டாள், பா தாய்லாந்து மொழியில் பதில் சொன்னாள். நான் அலுவலகத்துக்குத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு நடுவில் நின்று மொழிபெயர்க்கப் பார்த்தேன். இரண்டு பேருமே என்னைச் சட்டை செய்யவில்லை. அம்மா அன்றைக்குக் கற்றுக்கொண்டு வந்தவற்றை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கு ஆகும்.

பாக்கெட் மாவு மட்டும் போதாது. பச்சரிசியை ஊறவைத்து, ஒரு கைப்பிடி பழைய சோறும் தேங்காய்த் துருவலும் சேர்த்து மை மாதிரி அரைத்தால் மிருதுவாக வரும். மாவு கரைக்கச் சுண்ணாம்புத் தெளிநீர் கொஞ்சம் சேர்த்தால் ஓரம் மொறுமொறுக்கும். வெற்றிலைக்குப் போடுகிற அதே சுண்ணாம்பு. இங்கே மஞ்சள் சேர்த்துச் செக்கச்செவேலென்று விற்கிறார்கள். கல்லுக்கு எண்ணெயைக் கரண்டியால் ஊற்றக் கூடாது. தேங்காய்த் துருவலைத் துணியில் முடிச்சாகக் கட்டி, எண்ணெயில் தொட்டுக் குழிகளைத் துடைக்க வேண்டும். குழியில் முக்கால் பாகம் மாவு, ஓரம் பிடித்ததும்தான் மேல் பால், அதிலும் ஒரு கரண்டி அரிசி மாவு கலந்திருந்தால் ஓடாது. மூடி போட்டபின் தொடக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது பா அம்மாவின் வலது கையைப் பிடித்து மடியில் வைத்துக் காட்டினாளாம். முந்தின நாள் கூத்தை அம்மா அபிநயம் பிடித்துச் சொல்லியிருக்கிறாள் போல.

இந்தப் பலகாரத்துக்கு இங்கே ஒரு கதையும் உண்டு. கதி என்று ஒரு பையன், பேங் என்று ஒரு பெண். ஒருவன் தேங்காய்ப் பால், ஒருத்தி மாவு. பெண்ணின் அப்பனுக்குப் பிடிக்கவில்லை. பையனை விழவைக்கக் குழி வெட்டினான். எச்சரிக்க ஓடிவந்த பெண்ணும் குழியில் விழ, இருட்டில் யாரென்று தெரியாமல் மண்ணைத் தள்ளி இருவரையும் மூடிவிட்டார்கள். காலையில் தோண்டினால் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். அதனால்தான் ஜோடியாகக் கவிழ்ப்பது என்பார்கள். அலுவலகத்தில் கேட்ட இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். கேட்டு முடித்து ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, "அந்த அப்பனைத்தான் கல்லுல வச்சுத் திருப்பணும்" என்றாள்.

மூன்றாவது ஈடு வந்தது. என் மனைவி முன்ஜாக்கிரதையாகப் பணியாரக் குச்சியை எடுத்துத் துணி அலமாரியில் ஒளித்து வைத்திருந்தாள். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தேர்வு அறைக் கண்காணிப்பாளர் மாதிரி கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எங்கள் குழி ஆழம் அதிகம் என்பதால் அடிப்பாகம் கொஞ்சம் தடியாக வந்தது. மற்றபடி ஓரம் மொறுமொறு, நடுவில் பால் தளதள. தேக்கரண்டியால் நெம்பி எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தேன். ஏழு குழி என்பதால் மூன்று ஜோடிதான் தேறியது. ஒன்று ஒண்டிக்கட்டை.

கவிழ்ப்பதைப் பார்த்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? அவளும் திருப்பத்தான் செய்யிறா. கல்லுக்கு வெளியே வச்சுத் திருப்புறா. நான் உள்ளேயே திருப்பினேன், அவ்வளவுதான் வித்தியாசம்."

ஊருக்குக் கிளம்பும்போது கல்லை விட்டுவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். மறுபடி அதே சுங்குடிப் புடவை, அதே நாலு சுற்று. கூடவே பா கொடுத்த தகட்டுக் கரண்டி ஒன்று. போன வாரம் தேவகோட்டையிலிருந்து பேசினாள். எதிர்வீட்டு ஆச்சிக்கு தாய்லாந்துப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாளாம்.

"எப்படிம்மா வந்தது? மேல் பால் வழியாம நின்னுச்சா?"

"நின்னுச்சு, நின்னுச்சு."

"திருப்பலையே?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பாதிதான் திருப்பினேன்" என்றாள்.