வெளியவே போகாத பூனைக்கு எதுக்கு ஊசி?

எங்க வீடு மூணாவது மாடி, பூனை வாசப்படி தாண்டறதே இல்ல, அப்புறம் எதுக்கு ஊசின்னு அம்மா ஒரே பிடியா நின்னாங்க, பக்கத்து வீட்டு அக்கா வேற "நாய்க்குத்தான் போடுவாங்க, பூனைக்கு யாரு போடுறா"ன்னு. எனக்கும் பாதி மனசு அப்படித்தான் இருந்துச்சு.

வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட அப்படியே கேட்டேன், அவர் என் செருப்பைக் காட்டுனார். பேன்லுக்கோபீனியான்னு ஒரு வைரஸ், நாய்ங்களுக்கு வர்ற பார்வோவோட சொந்தக்காரன், தரையில மாசக்கணக்கா, ஏன் ஒரு வருஷம் கூட கிடக்குமாம். தெருப்பூனைங்க படுத்துக் கிடக்கிற பார்க்கிங்ல மிதிச்சுட்டு நாம வீட்டுக்குள்ள வந்தா போதும். பினாயிலுக்கெல்லாம் அது அசராது, ப்ளீச்சிங் தான் வேணும் (பினாயில் பூனைக்கே விஷம், அது தனிக்கதை). குட்டிக்கு வந்தா வாந்தி, பேதி, ரத்தத்துல வெள்ளணு சரசரன்னு இறங்கிடும், நிறைய குட்டிங்க பிழைக்கறதில்ல. அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

எப்பங்கறதுதான் குழப்பம். பல்லைப் பாத்து எங்க பூனை ரெண்டு மாசக் குட்டின்னாங்க, முதல்ல பூச்சி மருந்து, அது நல்லா சாப்பிட ஆரம்பிச்சதும் பேன்லுக்கோபீனியா, அப்புறம் பூனை ஜலதோஷம் தர்ற ரெண்டு வைரஸ்னு மூணு நோய்க்கும் சேர்த்துப் போடுற ஊசி, அப்புறம் 3-4 வாரத்துக்கு ஒண்ணு. ஒரு க்ளினிக்ல ரெண்டு டோஸே போதும்னாங்க. எனக்கு ஒத்துக்கல, ஏன்னா தாய்கிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தி உடம்புல இருக்கிற வரைக்கும் ஊசி மருந்தையே அது வேலை செய்ய விடாது, எப்பக் குறையும்னு குட்டிக்குக் குட்டி மாறும், அதனால கடைசி டோஸ் 16 வாரம் ஆனப்புறம் இருக்கணும்னு கேட்டு வாங்கிப் போட்டேன். நடுவுல தும்மல் வந்தப்ப, காய்ச்சல் பாத்துட்டு, சரியாகட்டும்னு வெட் திருப்பி அனுப்பிட்டார், அது நல்லதுதான். இந்த ஊசி போட்டாலும் பூனை ஜலதோஷம் வரவே வராதுன்னு இல்லையாம், வந்தா கடுமையா இருக்காது, அவ்ளோதான்.

ரேபிஸுக்கு விவாதமே கிடையாது. மூணு மாசம் ஆனதும் போட்டாச்சு. கதவு திறந்த நேரம் ஒரு பாய்ச்சல்ல படியில நிக்கும், கீழ தெருநாய் கூட்டம், அறிகுறி வந்துட்டா பூனைக்கும் மருந்தில்ல மனுசனுக்கும் இல்ல.

ஊசி போட்ட அன்னிக்கு நாள் பூரா தூக்கம், போட்ட எடத்துல சின்னதா ஒரு கட்டி, தானா போயிடுச்சு. மூஞ்சி வீங்குனாலோ வாந்தி விடாம வந்தாலோ மட்டும் உடனே ஓடி வரச் சொன்னாங்க. பூனைக்குப் பூனை பரவுற லுகீமியா வைரஸுக்கான ஊசி ஒத்தப் பூனைக்கு வேண்டாம்னு விட்டுட்டோம்.

வருஷா வருஷம் எல்லாத்தையும் போடணுமான்னும் கேட்டேன். ரேபிஸ் வருஷம் தவறாம, மூணு நோய் ஊசி ஒரு வயசு வாக்குல பூஸ்டர் போட்டுட்டா, வீட்டுப்பூனைக்கு மூணு வருஷத்துக்கு ஒருக்கா போதும், ஆனா போர்டிங்ல (நாம ஊர்ல இல்லாதப்ப பூனையைப் பாத்துக்கிற இடம்) விடுற பழக்கம் இருந்தா ஜலதோஷத்துக்காக வருஷம் ஒண்ணு நல்லதுன்னார். நாங்க தீபாவளிக்கு ஊருக்குப் போற ஆளுங்க, போர்டிங்ல ஊசி புக் இல்லாம உள்ளயே விடமாட்டாங்க, அதனால ரெண்டுமே வருஷா வருஷம்தான்.