மூன்று மீட்டர் தள்ளி நின்றால்

குழுக் கண்காட்சிக்கு என் படம் ஒன்று தேர்வாகியிருக்கிறது என்று மின்னஞ்சல் வந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சந்தோஷமெல்லாம் அப்புறம், இரவு படுத்த பிறகு மெதுவாக வந்தது.

விஷயம் என்னவென்றால், ஒருவர் மூன்று படங்கள் வரை அனுப்பலாம் என்று அறிவிப்பில் இருந்தது. நான் உயிரைக் கொடுத்து வரைந்தது ஒன்றுதான். காலை வெளிச்சத்தில் ஒரு ஜன்னல் திரை, வெள்ளைத் துணி மேல் வெள்ளை வெயில், மடிப்புக்கு மடிப்பு நீலமும் சாம்பலும் லேசாகக் கலந்த நிழல். மூன்று வாரம் ஆனது. ஒரு பூச்சு காய்ந்து அடுத்த பூச்சு போடுவதற்குள் பொறுமை போய்விடும், அப்படி ஏழெட்டுப் பூச்சு. மற்ற இரண்டும் எண்ணிக்கைக்காகச் சேர்த்தவை. அதில் ஒன்று, மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்திருந்த சைக்கிள், பழைய கறுப்பு மை பாட்டிலில் அடியில் மிச்சமிருந்ததை வீணாக்க மனசில்லாமல் தட்டையான தூரிகையால் முக்கால் மணி நேரத்தில் இழுத்துத் தள்ளியது. தேர்வானது சைக்கிள்.

நான் ஓவியரில்லை. அலுவலகம் போய்விட்டு வந்து, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, அதிலேயே தாளை விரித்துப் பத்து வருடமாக வரைகிறேன். யாராவது "நீங்க ஆர்ட்டிஸ்டா?" என்று கேட்டால் "சும்மா பொழுதுபோக்குக்கு" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காக அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருப்பேன். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி ரூசோ பாரிஸில் சுங்கச்சாவடி ஊழியராக இருந்துகொண்டேதான் வரைந்தார், யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை. தேர்வுக் குழுவே இல்லாத கண்காட்சி ஒன்றில் 1886 முதல் படங்களை வைத்தார் என்பதையெல்லாம் ஆறுதலுக்காக அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவரைப் பார்த்து வருஷக்கணக்கில் ஊர் சிரித்தது என்கிற பகுதியை மட்டும் வசதியாக மறந்துவிடுவேன்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற நாளன்று அந்த ஜன்னல் திரைப் படத்தையும் பையில் எடுத்துப்போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "இதையும் ஒருமுறை நேரில் பாருங்களேன், போட்டோவில் சரியாக வரவில்லை" என்று சொல்லும் திட்டத்தோடுதான் போனேன். படங்களை வாங்கி வைத்துக்கொண்டிருந்த க்யூரேட்டர் அம்மாவுக்கு (கண்காட்சியை அமைக்கிற பொறுப்பு அவருடையது) என்னைப் போல நிறையப் பேரைத் தெரியும் போலிருக்கிறது. கோபமே படவில்லை. திரைப் படத்தை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார், பக்கத்திலேயே சைக்கிளையும் வைத்தார். அப்புறம் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் நடத்திக்கொண்டு போனார்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி வாங்க. இன்னும். ம், இப்பப் பாருங்க."

பார்த்தேன். திரை இல்லை. மூன்று வாரமும் இல்லை. சுவரோரம் ஒரு வெள்ளைத் தாள் சாய்ந்திருந்தது, அதில் ஏதோ ஈரக்கை பட்ட மாதிரி லேசான அழுக்கு. பக்கத்தில் சைக்கிள் மட்டும் நன்றாகச் சைக்கிளாக நின்றது.

அவர் அதிகம் பேசவில்லை, "வீட்டில் எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்ப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்து மேசை மேல் வைத்துத்தான். அதாவது நாற்பது ஐம்பது சென்டிமீட்டர். வரையும்போதும் அதே தூரம், முடித்துவிட்டு ரசிக்கும்போதும் அதே தூரம். பத்து வருடத்தில் ஒருமுறைகூட நான் எழுந்து அறையின் அந்தப் பக்கம் போய் நின்று என் படத்தைப் பார்த்ததில்லை. ஆனால் கேலரிக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது வாசலிலிருந்து. மூன்று மீட்டர், நான்கு மீட்டர் தூரத்தில் ஒரு படம் 'வா' என்று கூப்பிட்டால்தான் கிட்டே வருவார். தேர்வுக் குழு பார்த்ததும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான், கணினித் திரையில் வரிசையாக அடுக்கிய சின்னச் சின்ன கட்டங்களாக. அன்றிரவு கைபேசியில் என் மூன்று படங்களையும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். அவர்கள் ஏன் சைக்கிளை எடுத்தார்கள் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டியிருக்கவில்லை.

காரணம் சாதாரணமானது. தூரம் கூடக் கூட முதலில் மறைவது நுணுக்கம், அதற்கப்புறம் மெல்லிய நிற வேறுபாடு. கடைசிவரை நிற்பது இருட்டும் வெளிச்சமும் மட்டும்தான். என் திரையில் எல்லாமே வெளிச்சத்துக்குள்ளேயே நடந்தது. மிக அடர்ந்த நிழல்கூட வெளிர் சாம்பல்தான். வரையக் கற்றுக்கொடுக்கிறவர்கள் எல்லாரும் 'கண்ணைச் சுருக்கிப் பார்' என்பார்களே, அது இதற்குத்தான். எனக்கும் தெரியும், எத்தனையோ முறை படித்திருக்கிறேன், ஏன், இன்னொருவருக்கு உபதேசமே செய்திருக்கிறேன்.

ஃபிரேம் போடுகிற கதையைச் சுருக்கிவிடுகிறேன், அதில் என் முட்டாள்தனம்தான் அதிகம். மவுண்ட் அட்டை, அதாவது ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை, அழகுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதன் முக்கிய வேலை கண்ணாடியைத் தாளிலிருந்து விலக்கி வைப்பது. கண்ணாடியின் உட்புறம் ஈரம் படிந்தால் தாள் அதில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் வரும். அட்டையும் அமிலமில்லாததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சில வருடங்களில் ஓரம் முழுக்கப் பழுப்புக் கோடு விழும். இதையெல்லாம் ஃபிரேம் கடைக்காரர் சொன்னார். அவர் சொன்ன இன்னொன்றை மட்டும் நான் கேட்கவில்லை. படம் கறுப்பாக இருப்பதால் சாதாரணக் கண்ணாடி போட்டால் எதிரில் நிற்கிறவர் முகம்தான் தெரியும், எதிரொளிக்காத கண்ணாடி போடுங்கள் என்றார். விலையைக் கேட்டுவிட்டு, சாதாரணமே போதும் என்று சொல்லிவிட்டேன். இதன் பலன் பின்னால் வருகிறது.

மாட்டுகிற அன்று உதவிக்கு வரலாம் என்றார்கள், போனேன். இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, உண்மையில் திறப்பு விழாவைவிட. படத்தின் மேல் விளிம்பை ஒரே வரிசையில் வைக்கமாட்டார்கள், நடுப்புள்ளியைத்தான் வைப்பார்கள். தரையிலிருந்து சுமார் 145 முதல் 155 சென்டிமீட்டருக்குள் எல்லாப் படங்களின் நடுவும் வருகிற மாதிரி, நிற்கிறவரின் கண் உயரம் அது. பின்னால் கட்டிய கம்பியை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, அது ஃபிரேமின் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்து, அதைக் கழித்துத்தான் ஆணி அடிக்கும் இடம் குறிப்பார்கள். ரசமட்டம் வைத்துப் பார்ப்பார்கள். அப்படியும் ஒருவர் தூரத்திலிருந்து "இடது பக்கம் ஒரு நூல் தூக்கு" என்பார். அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

என் ஏ4 சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது ஒரு அக்ரிலிக் படம். ஒரு ஆள் உயரம், முழுக்கச் சிவப்பு. எனக்கு வயிறு கலங்கியது. 1832இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் ஆங்கில ஓவியர் டர்னரின் சாம்பல் நிறக் கடல் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஓவியர் கான்ஸ்டபிளின் வாட்டர்லூ பாலத் திறப்புப் படம் சிவப்பும் பகட்டுமாக வந்து மாட்டிக்கொண்டதாம். டர்னர் வந்தார், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார், தன் கடலின் நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அவ்வளவுதான், பக்கத்தில் இருந்த அத்தனை சிவப்பும் வெளிறிப்போனது. பின்னால் வந்து அந்தப் பொட்டை ஒரு மிதவையாக மாற்றினார். டர்னராக இருந்தால் அப்படிச் செய்யலாம். என் படம் கண்ணாடிக்குள் சீல் வைத்து இருந்தது. க்யூரேட்டர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை இரண்டு மடங்காக்கினார். நம்ப மாட்டீர்கள், வெற்றுச் சுவர் ஒரு படத்துக்குச் செய்கிற உதவியை வேறெதுவும் செய்யாது.

திறப்பு நாளன்று அக்கா வந்தாள். கூட்டத்தில் புகுந்து படத்தைக் கண்டுபிடித்து, முன்னால் நின்று, முதல் வார்த்தையாக "ஏண்டி, வீட்ல பெரிசா இருந்துச்சே, இங்க ஏன் இத்துனூண்டு இருக்கு?" என்றாள். அவள் சொன்னது நிஜம். மேசையை நிறைத்த தாள் பெரிய வெள்ளைச் சுவரில் தபால்தலை ஆகிவிடுகிறது.

அப்புறம் நான் செய்த வேலையை இப்படி வைப்பவர்கள் எல்லாரும் செய்வார்கள் என்று நினைக்கிறேன், ஒத்துக்கொள்ளத்தான் மாட்டார்கள். என் படத்துக்கு எதிர்ச்சுவரில் இருந்த ஒரு நிலக்காட்சியைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு, யார் யார் சைக்கிள் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று வேவு பார்த்தேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அளந்து பார்த்து 2001இல் வெளியிட்டார்கள், ஒரு படைப்பின் முன் ஒருவர் நிற்பது சராசரியாக 27 நொடி, அதிலும் பாதிப் பேர் 17 நொடிக்கும் குறைவு என்று வந்தது. அவை உலகப் புகழ்பெற்ற படங்கள்! என் கணக்குப்படி எனக்குக் கிடைத்தது நான்கைந்து நொடி. அதிலும் பெயர்ச்சீட்டைப் படிக்கவே இரண்டு நொடி போய்விடும். ஒருவர் மட்டும் ரொம்ப நேரம் நின்றார், எனக்கு நெஞ்சு படபடத்தது. கடைசியில் பார்த்தால் என் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஃபிரேம் கடைக்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

பார்வையாளர்களைக் குறை சொல்லவில்லை. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் படகுப் படம் ஒன்று 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 47 நாள் தலைகீழாகத் தொங்கியது, கடைசியில் ஒரு பார்வையாளர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். என் சைக்கிளையாவது நேராக மாட்டியிருந்தார்கள்.

முடிகிற நேரத்துக்கு ஒரு பெண் வந்தார். வாசலில் நின்றபடியே என் படத்தைப் பார்த்தார், தலையைச் சாய்த்தார், நேராக நடந்து வந்தார், கிட்டே வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டார். திரும்பி வாசலுக்கே போய் மறுபடி பார்த்தார். மறுபடி வந்தார். எனக்குத் தாங்கவில்லை, பக்கத்தில் போய், நான்தான் வரைந்தேன் என்றேன்.

"அங்கேர்ந்து பார்த்தா மூக்குக்கண்ணாடி மாதிரி இருக்குங்க. யாரோ கழட்டி வச்ச மாதிரி. கிட்ட வந்தாத்தான் சைக்கிள். வேணும்னேதான் அப்படிப் பண்ணீங்களா?"

"ஆமாம்" என்றேன்.

பொய். சுத்தப் பொய். அவர் போன பிறகு வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு சக்கரம், நடுவில் வளைந்த சட்டம், மேலே படிக்கட்டின் இருட்டு ஒரு புருவம் மாதிரி. மூக்குக்கண்ணாடியேதான். அதற்கப்புறம் என்னால் அதைச் சைக்கிளாகப் பார்க்கவே முடியவில்லை.

படம் விற்கவில்லை. விற்றுவிட்டது என்பதற்கு அடையாளமாகப் பெயர்ச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுகிற அந்தச் சிவப்புப் பொட்டு பக்கத்து அக்ரிலிக்குக்குத்தான் போனது. விலை எழுதச் சொன்னபோது மிரண்டுபோய், ஃபிரேம் செலவையும் கேலரியின் பங்கையும் கூட்டி எழுதிவைத்திருந்தேன். யாரும் வாங்காததில் ஏமாற்றம் பாதி, நிம்மதி பாதி.

திரைப் படத்தை ஃபிரேம் போடவில்லை, போடப்போவதுமில்லை. அது மோசமான படம் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. முகலாயச் சிற்றோவியங்களில் நிறைய, சுவருக்கென்று வரைந்தவையே அல்ல. புத்தகத்திலும் ஆல்பத்திலும் வைத்துக் கையில் பிடித்துப் பார்க்க வரைந்தவை. என் திரையும் அந்த ஜாதி. கோப்பில் இருக்கிறது, கேட்கிறவர்கள் மடியில் வைத்துப் பார்க்கலாம்.

சைக்கிளை மட்டும் வீட்டில் மாட்டலாம் என்று அளவு நாடாவோடு சுற்றினேன். ஹாலில் வெயில் நேராக அடிக்கிறது. அந்த மை வெளிறுமா வெளிறாதா என்று பாட்டிலில் எதுவும் போட்டிருக்கவில்லை, அதனால் வெயிலில் விடப் பயம். படுக்கையறையில் பின்னால் தள்ளிப்போனால் அலமாரி இடிக்கிறது. கடைசியில் நடைவழியின் கோடிச் சுவரில், 150 சென்டிமீட்டரில் ஆணி அடித்தேன். வீட்டிலேயே மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்க்க முடிகிற ஒரே இடம் அதுதான். ஒரே சிக்கல், அங்கே நின்று பார்க்க வேண்டுமென்றால் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நிற்க வேண்டும். நேற்றுக் காலை வாயில் பிரஷ்ஷோடு கொஞ்ச நேரம் நின்றேன். நொடி எண்ணவில்லை.