ப்ரீசார்ஜ் ரெசிஸ்டரை விட்டுவிடாதீர்கள்

மின்சார வண்டியில் மோட்டார் கன்ட்ரோலர் பொருத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவை காலியாக இருக்கும்போது கான்டாக்டர், அதாவது பேட்டரியைக் கன்ட்ரோலரோடு இணைக்கும் பெரிய சுவிட்ச், மூடினால், கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயலாம். கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், அப்புறம் சாவியை அணைத்தாலும் மின்சாரம் நிற்காது. எனக்கு இதைவிடப் பயமான பழுது வேறில்லை. முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டர்களை மெல்ல நிரப்பிவிட்டு (அதுதான் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர்), பிறகு கான்டாக்டரை மூடுங்கள். சின்னப் பாகம்தான், ஆனால் கன்ட்ரோலரின் ஆயுளே அதில் இருக்கிறது.

ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அதுவும் உங்கள் பேட்டரி வோல்டேஜைத் தாங்கும் டிசி ஃப்யூஸ். ஏசிக்கு மட்டும் உரியதைப் போட்டால், அது உருகினாலும் மின்பொறி அணையாமல் தொடரலாம். சரி, மழைக்கு? கேபிளில், இணைப்புக்குக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.