பற்றரி வாங்க முதல் இராச் செலவை எண்ணுங்கள்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சோலர் போட்டவர்கள் கேட்பது "எத்தனை யூனிட் பற்றரி போடலாம்?" என்றுதான். கூரையில் எத்தனை கிலோவாட் என்பதை வைத்து அதைச் சொல்ல முடியாது. வெயில் இறங்கியதிலிருந்து விடியும்வரை என்ன ஓடுகிறது என்பதுதான் கணக்கு.

70 வாட் ஃபான் இரண்டு 10 மணித்தியாலம் ஓடினால் 1.4 யூனிட். 9 வாட் பல்ப் நாலு, 5 மணித்தியாலம்: 0.18. பிரிட்ஜுக்கு இரவில் ஏறக்குறைய 0.6, டிவியும் ரவுட்டரும் 0.36. மொத்தம் 2.54. இன்வேர்ட்டர் இழப்புக்கு 0.9ஆல் வகுத்தால் 2.8, பற்றரியில் 80 வீதம்தான் எடுப்பது என்று வைத்தால் 3.5. ஆகவே 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பற்றரி ஒன்று (5.12 யூனிட்) போதும். அது தேய்ந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும் 4.1 மிஞ்சும். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபான் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டர் உள்ளது) மாற்றினால் தேவை 2.4க்கு இறங்கும். பற்றரியைப் பெருப்பிப்பதைவிட ஃபானை மாற்றுவது மலிவு. விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார்.

10 யூனிட் பற்றரியில் தினமும் 3 யூனிட் மட்டும் எடுத்தால், 5 யூனிட் பற்றரியோடு பார்க்கையில் யூனிட் ஒன்றின் அடக்கவிலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். விலையை, நாளாந்தம் எடுக்கும் யூனிட் × 365 × உத்தரவாத வருடங்கள் என்பதால் வகுத்துப் பாருங்கள். நேர அடிப்படைக் கட்டணத்தில் உள்ளவர்கள் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் பற்றரியிலிருந்து எடுக்கலாம். மாரியில் வெயில் இல்லாத நாளில் 10.30க்குப் பிறகு கிரிட் மின்சாரத்தால் பற்றரியை ஏற்றினால், இரு கட்டணங்களின் வித்தியாசம் இழப்பையும் தேய்மானத்தையும் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் மின்வெட்டுக்கு மட்டும் வைத்திருங்கள்.

கிணற்று மோட்டரை இரவில் இதில் ஓட்டாதீர்கள். முக்கால் குதிரைவலு மோட்டர் தொடங்கும்போது ஓட்ட மின்னோட்டத்தைப்போல் பல மடங்கு இழுக்கும், இன்வேர்ட்டர் விழும். பகலில் தாங்கியை நிரப்பிவிட்டால் தண்ணீரே சேமிப்பு.

நாள் முழுக்க 100 வீதத்தில், கச்சான் காற்றடிக்கும் சூட்டில் நின்றால் செல் சீக்கிரம் கிழடாகும். மேல் எல்லையை 90இல் வையுங்கள். ஆனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை 100க்கு ஏற்றி ஒன்றிரண்டு மணித்தியாலம் விடுங்கள்: பி.எம்.எஸ். (பற்றரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை) செல்களைச் சமப்படுத்துவது பெரும்பாலும் உச்சியில்தான். இதைச் செய்யாத பற்றரிதான் திரையில் 40 வீதம் காட்டிக்கொண்டே திடீரென்று படுக்கும்.

5 கிலோவாட் முழுச்சுமையில் பற்றரி வயரில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். 35 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் வேண்டும். முனை தளர்ந்து 5 மில்லி ஓம் தடை வந்தாலே 50 வாட் சூடு, ஒரு சால்டரிங் அயன் அளவு. கடற்காற்றில் வயர் முனையில் பூட்டும் சாதாரண செம்பு லக் பச்சை பிடிக்கும். வெள்ளீயம் பூசிய லக்கை இறுக்கிப் பூட்டி, அதன்மேல் வாசலின் தடவுங்கள். இறுக்க முதல் தடவ வேண்டாம். ஏசி பிரேக்கரை இங்கே போடவே கூடாது: ஏசி செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால் பொறி அணையும், டிசியில் அந்த இடைவெளி இல்லை. டிசி என்று அச்சிட்டதையே கேட்டு வாங்குங்கள், கூடவே 125 ஆம்பியர் டிசி ஃபியூஸ் ஒன்றும்.

வைக்கும் இடம் கடல் பார்த்த சுவராக இருக்கக்கூடாது. நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், மாரி வெள்ளம் எட்டாத மாதிரி.