பத்து வருஷம் கழித்து...

2016 ஏப்ரலில் யூபிஐ வந்தபோது, டீக்கடை அண்ணன் பத்து ரூபாய்க்கு க்யூஆர் கோடு காட்டுவார், பக்கத்தில் குட்டி ஸ்பீக்கர் ஒன்று பணம் வந்ததைக் கத்திச் சொல்லும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அதனால் இன்னும் பத்து வருஷத்தில் தொழில்நுட்பம் எப்படி மாறும் என்ற என் கணிப்பையும் ரொம்ப நம்ப வேண்டாம். சரி, சொல்லிவிடுகிறேன்: 2036க்குள், பேங்கில் சலான் நிரப்பித் தரச் சொல்லி ஆள் தேடும் பாட்டிகள் இருக்க மாட்டார்கள், போனிடம் அவரவர் ஊர்த் தமிழிலேயே பேசி வேலையை முடித்துவிடுவார்கள். பறக்கும் காரா? அட போங்க. அப்புறம், குரலைப் போலியாகச் செய்து "அம்மா, அவசரமா பணம் அனுப்பு" என்று ஏமாற்றுவது இப்போதே நடக்கிறது, இன்னும் கூடும், வீட்டுக்கு வீடு ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ள வேண்டிவரும். எங்கள் வீட்டில் இப்போதே வைத்தாயிற்று. மறந்துவிடும் என்று அம்மா அதை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்.