99 காட்டினால் போதுமா?

பாராசிட்டமால் மாத்திரை ஒன்று கொடுக்கக்கூட கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியிருக்க வேண்டும். ஆக்சிஜனுக்கு மட்டும் பல ஷீட்டுகளில் 'ஆக்சிஜன் கொடுக்கவும்' என்பதோடு சரி. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எந்த மாஸ்க், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு, சதவீதத்தில்) எதுவரை போகலாம், எதுவும் இருக்காது. ஆக்சிஜனும் மருந்துதான், அளவு தப்பினால் ஆளைச் சாய்த்துவிடும்.

எங்கள் மெடிக்கல் வார்டுக்கு ஒரு இரவு தாத்தா ஒருவர் வந்தார். வருஷக்கணக்கில் பீடி, சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய். சாதாரண மாஸ்க்கில் 10 லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது, சாச்சுரேஷன் 99. "இப்பத்தான் சிஸ்டர் நிம்மதியா தூங்குறார்" என்றார் மகன். எனக்கு அந்தத் தூக்கம் பிடிக்கவில்லை. கூப்பிட்டால் பாதிக் கண்தான் திறந்தார். உள்ளங்கை கதகதவென்று இருந்தது. கையை நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு படபடவென அடித்தது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். ஏபிஜியில், அதாவது தமனி ரத்தத்தில் செய்யும் வாயுப் பரிசோதனையில், கார்பன் டை ஆக்சைடு ஏறிக் கிடந்தது. விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும், இதைக் காட்டாது.

ஆக்சிஜனைக் குறிப்பிட்ட சதவீதத்தில் கலந்து கொடுக்கும் வென்சூரி மாஸ்க்குக்கு, வெள்ளை நிற முனை போட்டு மாற்றினோம்: 4 லிட்டர், 28 சதவீதம். ஆக்சிஜனை ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, சாச்சுரேஷன் முன்பைவிடக் கீழே விழுந்துவிடும். மகன் பதறிவிட்டார். "குறைக்கிறீங்களே சிஸ்டர், மூச்சு முட்டாதா?" "அப்பா நுரையீரலுக்கு 88லிருந்து 92 போதும்ணே. அதுக்கு மேல போனா கெட்ட காத்து வெளியேறாம தேங்கிடும், அதான் இந்த மயக்கம்" என்றேன். விடியும்போது தாத்தா கண் திறந்து டீ கேட்டார்.

பிரிட்டனின் நுரையீரல் மருத்துவ அமைப்பான பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2008லேயே சொல்லி, 2017லும் உறுதிசெய்தது இதுதான்: பெரும்பாலானவர்களுக்கு 94–98, கார்பன் டை ஆக்சைடு தேங்கும் ஆபத்துள்ளவர்களுக்கு 88–92. உதடு நீலம் பாரித்து வருகிறவருக்கு டாக்டர் எழுதுவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர் போட்டுவிட்டு, ஆள் நிலைப்பட்டதும் எழுதலாம். சாதாரண மாஸ்க்கை 5 லிட்டருக்குக் கீழே ஓட்டக் கூடாது, விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார்கள். அதற்குக் குறைவாகத் தேவையென்றால் மூக்குக் குழாய்.

இலக்கு எண் ஷீட்டில் இருந்தால், இரவு 3 மணிக்கு யாரையும் எழுப்பாமல் நானே ஏற்றி இறக்கலாம். அதனால் ரவுண்ட்ஸில் பேனாவை நீட்டிக்கொண்டே கேட்கிறேன்: "சார், டார்கெட் எவ்வளவு?" கூட இருப்பவர்களிடமும் சொல்லிவிடுகிறேன், ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃப்ளோமீட்டர் குமிழைத் திருகாதீங்க, என்னைக் கூப்பிடுங்க என்று.