அன்பினாலும் பிரியத்தினாலும்

என் அத்தைக்கு 71 வயது. 2019இல் மூன்று சென்ட் மனையையும் அதிலிருந்த ஓட்டு வீட்டையும் மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். மாமா இறந்த பிறகு சமையலறைக்குப் பூட்டு விழுந்தது. அத்தை ஒரு கட்டைப்பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றுதான் எனக்கு விஷயமே தெரியும். வீட்டைத் திரும்ப வாங்க நாங்கள் அலைந்த கதையை எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு உதவட்டும்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை நாடாளுமன்றம் 2007இல் கொண்டுவந்தது. பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்கிறது அதன் 23வது பிரிவு. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயம். சிவில் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. வக்கீலுக்கும் 17வது பிரிவு இடம் தரவில்லை, அவரவரே பேச வேண்டும்.

பத்திர நகல், வில்லங்கச் சான்று, ஆதார், அத்தையின் மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் இணைத்து 2024இல் மனு கொடுத்தோம். விசாரணையில் மகனும் வந்திருந்தான். கோட்டாட்சியர் அத்தையைப் பொறுமையாகப் பேசவிட்டார். அப்புறம் பத்திரத்தைத் திருப்பி வைத்து, "அம்மா, கடைசிவரை உங்களைப் பார்த்துக்கணும்னு இதில் எங்கே எழுதியிருக்கு? காட்டுங்க" என்றார். அத்தைக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நான் தேடினேன். "உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று ஒரு வரி. "சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று இன்னொரு வரி. நிபந்தனை என்று எதுவும் இல்லை.

டிசம்பரில் மனு தள்ளுபடி ஆனது. எனக்கு அதிகாரி மேல் அப்படி ஒரு கோபம். ஆனால் உத்தரவை நிதானமாகப் படித்தபோது அவர் பக்க நியாயமும் புரிந்தது. 2022 டிசம்பரில் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சொத்து கைமாறியது என்பது நிரூபிக்கப்பட வேண்டும் என்று சொல்லியிருந்தது. அதைத்தான் அவர் மேற்கோள் காட்டியிருந்தார். நாடாளுமன்றம் எழுதிய சட்டத்துக்கு நீதிமன்றம் சொன்ன பொருளை மீறி ஒரு கோட்டாட்சியர் எப்படி உத்தரவு போட முடியும்? இப்போது பத்திரம் எழுதப் போகிறவர்கள், பராமரிப்பு நிபந்தனையை ஒரு வரியாவது கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். எழுத்தர் வழக்கமாக எழுதும் வாசகத்தோடு விட்டுவிடாதீர்கள்.

ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு. அந்த 60 நாளுக்குள்தான் அதிர்ஷ்டம் வந்தது. 2025 ஜனவரி 2 அன்று ஊர்மிளா தீட்சித் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், இது முதியோர் நலனுக்காக வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. தேவைப்பட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. அதை அச்செடுத்து மேல்முறையீட்டோடு இணைத்தேன். விசாரணைக்கு முன் மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. நாகப்பட்டினம் மூதாட்டி ஒருவரின் வழக்கு. நிபந்தனை வெளிப்படையாக எழுதப்படாவிட்டாலும், அன்பினாலும் பாசத்தாலும் கொடுத்தது என்பதிலேயே அது அடங்கியிருக்கிறது என்றார்கள். எங்கள் பத்திரத்திலிருந்த அதே வாசகம்! படித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு அத்தையை எழுப்பிச் சொன்னேன்.

ஏப்ரலில் ஆட்சியர் முன் விசாரணை. போன தடவை எங்களைக் கைவிட்ட வரியை இந்தத் தடவை அவரே சத்தமாகப் படித்தார். "எதுக்கும்மா எழுதிக் கொடுத்தீங்க?" என்று கேட்டார். "சோறு போடுவான்னுதான் சார்" என்றார் அத்தை. வேறு ஒன்றும் பேசவில்லை.

ஜூனில் ரத்து உத்தரவு கிடைத்தது. அதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உத்தரவைச் சார் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், பட்டாவை மாற்ற வேண்டும். எங்களுக்கு அதற்கே இன்னும் இரண்டு மாதம் ஆனது. புது வில்லங்கச் சான்றில் ரத்து என்ற பதிவின்மேல் விரலை வைத்து, தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார் அத்தை.

சமையலறைப் பூட்டை உடைக்கலாம் என்றேன். வேண்டாம் என்று மகனிடமே சாவி கேட்டு வாங்கினார். அவனைக் காலி பண்ணச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. முன்னறையில்தான் இருக்கிறான். அத்தை சமைக்கிறார், அவனும் சாப்பிடுகிறான்.